குமரி மாவட்டத்தில் திருமண நாள்: வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய தம்பதிகளுக்கு

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த நான், திருமணத்துக்குப் பிறகு நாகர்கோவிலில் குடியேறினேன். பேசுவது தமிழாகவே இருந்தாலும், கடல் தாண்டி வந்தவளுக்கு ஊர் புதியது, உறவு புதியது, பேருந்து நிலையங்கள் இரண்டில் எது எந்த ஊருக்கு என்பதும் புதியது. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து இம்மாவட்டத்தில் தங்கியிருக்கும் தம்பதிகள், தங்கள் திருமண நாளை அருகிலேயே ஓர் உலாவாக எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதைச் சில ஆண்டு அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் முதல் திருமண நாள் தை மாதத்து ஒரு திங்கட்கிழமையில் வந்தது. கன்னியாகுமரியில் சூரிய உதயம், அதன்பின் படகு, நண்பகலில் பத்மநாபபுரம் அரண்மனை, மாலையில் திற்பரப்பு அருவி என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு நானே திட்டம் போட்டேன். படகு வரிசையிலேயே முற்பகல் கழிந்தது. அரண்மனையை அடைந்தபோது கதவு அடைத்துக் கிடந்தது; திங்கட்கிழமை அங்கே விடுமுறை. பூட்டிய வாசலின் முன் பட்டுப்புடவையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அருவிக்குப் போகும் வழியிலேயே இருட்டிவிட்டதால் பாதியில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் சிரித்துக்கொண்டே, "மக்களே, ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்கப் போனா ரோட்டத்தான் பாக்க முடியும்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் இந்த வழிகாட்டியின் அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். சுமார் 1,680 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டம் வரைபடத்தில் கையளவுதான் தெரியும். ஆனால் ஊரும் ஊரும் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதாலும், சாலைகள் குறுகலாகவும் வளைவாகவும் இருப்பதாலும், 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதே நல்லது. ஒரு நாளைக்கு ஒரு திசை, அந்தத் திசையில் இரண்டு இடங்கள், நடுவில் நிதானமாக ஒரு சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் மாலையில் ஒருவரோடொருவர் பேசுவதற்குத் தெம்பு மிஞ்சும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நம்மவர் திருமணங்கள் பெரும்பாலும் தை, வைகாசி, ஆவணி ஆகிய மாதங்களை ஒட்டியே நடப்பதால், திருமண நாட்களும் அங்கேயே வந்து நிற்கின்றன. இந்த மூன்றும் இம்மாவட்டத்தில் மூன்று வெவ்வேறு பருவங்கள்.

தை மாதத்தில் வானம் தெளிந்திருக்கும். கன்னியாகுமரியில் சூரியன் கடலிலிருந்து எழுவதையும் கடலிலேயே இறங்குவதையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் தையின் முதல் நாட்கள் வரை சபரிமலை சென்று வரும் பக்தர்களின் கூட்டம் கன்னியாகுமரியில் நிரம்பியிருக்கும் என்பதால், திருமண நாள் ஜனவரி நடுவில் வருகிறவர்கள் அந்தப் பக்கம் போவதை இரண்டு வாரம் தள்ளிவைப்பது அமைதிக்கு நல்லது. வைகாசியின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். கடல் சீறும், படகுப் போக்குவரத்து எந்த நேரத்திலும் நிறுத்தப்படலாம். அந்த நாட்களில் சூரியன் வடமேற்காகச் சாய்வதால், கன்னியாகுமரி முனையில் நின்று கடலில் மறையும் காட்சியை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும்; முட்டம் போன்ற மேற்குக் கரைகள் அதற்கு ஏற்றவை. ஆவணியிலும் மழை விட்டுவிட்டு வரும். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்வதால், மாதம் எதுவானாலும் வண்டியில் ஒரு குடை இருக்கட்டும்.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமையானால் அரண்மனையை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் திற்பரப்பையும் கன்னியாகுமரியையும் தவிர்த்து, கூட்டம் குறைந்த மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை பக்கம் போங்கள். திருமண நாள் வேலை நாளில் வந்துவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அரை நாள் விடுப்பிலேயே இம்மாவட்டத்தில் ஒரு நல்ல உலாவை முடித்துவிடலாம், கூட்டமும் இராது.

கிழக்குத் திசை: பூவில் தொடங்குங்கள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் சிறிது தொலைவில் தோவாளை இருக்கிறது. இங்குள்ள பூச்சந்தை விடியுமுன்பே சுறுசுறுப்பாகிவிடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர் இதை வியாபாரிகளுக்கான இடம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். திருமண நாளைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஈரச் சாக்கை விரித்து, பிச்சிப்பூவை மலைபோலக் குவித்து, தராசில் அள்ளிப் போட்டு விலை சொல்வார்கள். மொட்டாக வாங்கினால் மாலை வரை வாடாமல் இருக்கும். கூடையைச் சுமந்து வருகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். அந்த நேரம் அவர்களுக்குத் தொழில் நேரம். முகூர்த்த நாட்களிலும் ஓணத்தை ஒட்டிய நாட்களிலும் விலை கடுமையாக ஏறும் என்பதால், ஆவணியில் திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் கூடுதல் பணம் எடுத்துச் செல்ல வேண்டும்.

தோவாளையின் மாணிக்கமாலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. அரளிப்பூக்களையும் பச்சை இலைகளையும் மடித்து நெருக்கமாக அடுக்கிக் கட்டுவதால், தூரத்திலிருந்து பார்த்தால் கல் பதித்த பட்டை போலத் தோன்றும். அதைக் கட்டுவதற்கு நேரமும் தேர்ந்த கையும் வேண்டும். சந்தையில் போய் நின்றவுடன் கிடைத்துவிடாது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் நாங்கள் சொல்லி வைக்காமல் போய், இரண்டு முழம் பிச்சிப்பூவோடு திரும்பினோம். அதுவும் குறையாகத் தெரியவில்லை.

பூ வாங்கிய பிறகு கன்னியாகுமரி. உதயம் பார்க்க வேண்டும் என்றால் வரிசை மாறும்: முதலில் கடல், பிறகு பூ. பிப்ரவரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழும்; அரை மணி நேரம் முன்பே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். படகுச் சேவை வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. விவேகானந்தர் பாறையில் நினைவு மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 முதல் இருக்கிறது. உயரம் கண்டு தலைசுற்றுகிறவர்கள் கண்ணாடிப் பகுதியை விட்டு ஓரமாக நடந்துவிடலாம். என் கணவர் அப்படித்தான் நடந்தார், கடைசி வரை என் கையை விடவில்லை. இதைப் பாசம் என்று நான் உறவினர்களிடம் சொல்லிவருகிறேன். காற்று பலமாக இருந்தாலோ, கடலில் நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகுகள் நிற்கும். அதை முன்னரே அறிய வழியில்லை என்பதால் படகையே அந்த நாளின் மையமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

படகு இல்லாத நாளில் வட்டக்கோட்டை கைகொடுக்கும். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில், கடலுக்குள் கால் நீட்டியது போல நிற்கும் கருங்கல் கோட்டை அது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்பு அவருக்கே படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய் இதை வலுப்படுத்திக் கட்டினார். மதில்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலைத்தொடரும் தெரியும்.

ஓர் இடைக்குறிப்பு. கன்னியாகுமரி, நடக்காமல் போன ஒரு திருமணத்தின் ஊர். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்பட்ட சிவபெருமான், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டு முகூர்த்தம் தவறிவிட்டதென்று திரும்பிப் போனார் என்றும், கன்னியாகவே நின்றுவிட்ட தேவியின் திருமணத்துக்காகச் சேர்த்து வைத்த அரிசியும் பருப்புமே கரையின் பல நிற மணலாயின என்றும் சொல்வார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து என் கணவர் திருமண நாளில் எங்கே கிளம்பினாலும் அரை மணி நேரம் முன்னதாகவே வாசலில் நிற்கிறார்.

நடுத்திசை: குமாரகோவிலும் அரண்மனையும்

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் இந்தத் திசையையே சொல்வேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலையை நெருங்கும்போது பிரிந்து சென்றால் வேளிமலை அடிவாரத்தில் குமாரகோவில் வரும். முருகன் இங்கே வள்ளியோடு நிற்கிறார். வள்ளியை அவர் மணந்த மலை இதுவே என்பது இவ்வூர் நம்பிக்கை. பங்குனியில் நடக்கும் திருக்கல்யாண விழாவில் குறவர் படுகளம் என்ற நிகழ்ச்சியும் உண்டு. பெண்ணைக் கொடுக்க மறுத்துச் சண்டைக்கு வந்த பெண் வீட்டாரைச் சமாளித்து மணமுடித்த கதை என்பதால், காதல் திருமணம் செய்துகொண்டவர்கள் கூடுதல் உரிமையோடு படியேறலாம். காலையிலேயே போனால் படிகள் சுடாது.

அங்கிருந்து தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் மிக அருகில்தான். இந்த அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்ததற்குப் பிறகும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. காலை 9 மணிக்குத் திறந்து, பிற்பகல் 1 மணிக்கு மதிய இடைவேளை விடுவார்கள். ஆகவே ஒன்பதரைக்குள் உள்ளே சென்றுவிடுங்கள். வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல். காலணியை வெளியில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அது ஒரு வகையில் நன்மையே, ஏனென்றால் அந்தத் தரையை வெறுங்காலால்தான் அறிய முடியும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் இன்ன பிறவும் கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கறுப்புத் தரை, வெளியில் வெயில் கொளுத்தும்போதும் குளிர்ந்தே கிடக்கிறது.

நுழைந்ததும் வருகிற பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் 90 பூக்களைச் செதுக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். நானும் என் கணவரும் எண்ணத் தொடங்கி வேறு வேறு எண்ணிக்கையில் முடித்தோம். அங்கேயே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் என்பது அதன் சங்கிலியின் சிறப்பு. மாடியில் உள்ள மந்திரசாலை என்ற ஆலோசனை மண்டபத்தின் சன்னல்களில் நிறம் பூசிய மைக்காத் தகடுகள் வழியாக ஒளி வடிகட்டி விழும். பாதை குறுகல், படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு; நெட்டையானவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். பட்டுப்புடவையோடு மரப்படி ஏறுவது சிரமம் என்பதால் பருத்திப் புடவையே இதற்கு ஏற்றது. முழுவதும் சுற்றி வர நிதானமாக இரண்டு மணி நேரம் ஆகும்.

சாப்பாட்டை இந்தத் திசையில் தக்கலையிலோ நாகர்கோவிலிலோ வைத்துக்கொள்ளலாம். சைவ இலைச் சாப்பாட்டில் அவியல், எரிசேரி, துவரன், புளிசேரி என்று வரிசையாக வரும். புதியவர்கள் தயங்கும் இடம் பாயசம். இங்கே அடைப்பிரதமனையோ சக்கைப்பிரதமனையோ இலையிலேயே ஊற்றுவார்கள். குவளை கேட்டுத் தேடாதீர்கள். ஒரு பழத்தை உரித்துப் போட்டு, பப்படத்தை மேலே நொறுக்கி, மூன்றையும் விரல்களால் பிசைந்து, வழிந்து ஓடுவதற்குள் அள்ளிவிட வேண்டும். முதல் முறை என் இலையில் பாதி, மேசையில் பாதி. இப்போது இலையின் ஓரத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொள்ளக் கற்றிருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் நீளமே உள்ள, மணம் மிகுந்த இந்தக் கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசைவம் விரும்புகிறவர்களுக்கு மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் இருக்க, வேறெதுவும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை.

மேற்குத் திசை: மலையும் தண்ணீரும்

இங்கே மூன்று இடங்கள். அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பறளியாற்றின் குறுக்கே 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம், 28 தூண்களின் மேல் 115 அடி உயரத்தில் பாசன நீரைச் சுமந்து செல்கிறது. தொட்டியை ஒட்டிய நடைபாதை குறுகலானது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். கீழே தென்னையும் ரப்பரும் ஆறும் தெரியும். சிதறால் மலைக்குக் கல் பாவிய பாதையில் ஏற வேண்டும். உச்சியில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், பின்பு பகவதி கோவிலாக மாறிய குடைவரையும் உள்ளன. காலை ஒன்பதுக்குள் ஏறிவிட்டால் வெயில் தொந்தரவில்லை, குடிநீர் மட்டும் கையோடு இருக்கட்டும்.

கோதையாற்றின் திற்பரப்பு அருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் இருக்கிறது. மாற்று உடை கொண்டு போங்கள். மழை வலுத்து அணைகளில் நீர் திறந்துவிட்டால் குளிக்கத் தடை விதிப்பார்கள். ஆகவே கிளம்புமுன் அன்றைய உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காளிகேசம் போன்ற காட்டுப் பகுதி இடங்களுக்கு வனத்துறையின் அனுமதி தேவை. திடீரென்று முடிவு செய்து போனால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் கவனிக்க

எந்தத் திசையில் போனாலும் மாலையைக் கடற்கரையில் முடிக்க மனம் விரும்பும். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் ஆகிய மூன்றும் நாகர்கோவிலிலிருந்து எளிதில் போகத்தக்கவை. சொத்தவிளையில் மணல் நீண்டு கிடப்பதால் நடப்பதற்கு நல்லது. முட்டத்தில் பாறைகளும் கலங்கரை விளக்கமும் உண்டு. மலேசியாவில் அமைதியான கடலில் இடுப்பளவு நீரில் நின்று பழகிய எனக்கு, இந்தக் கடலின் குணம் புரியச் சில காலம் ஆயிற்று. காற்றே இல்லாத நாளிலும், தூரத்துக் கடலில் எழுந்த அலை எந்த அறிகுறியும் காட்டாமல் கரையை வந்து தாக்குவதுண்டு. இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் அத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தார்கள். படம் எடுப்பதற்காக ஈரப் பாறையில் ஏறாதீர்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். கரையில் ஒரு மீனவர் "அங்க போவாதீங்க" என்று சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பி விடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

இரவு ஒரு விடுதியில் தங்கத் திட்டமிட்டால், தம்பதியில் ஒருவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் மூலக் கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தை விடுதியினர் அதிகாரிகளுக்கு அனுப்புவது கட்டாயம். நகல் போதும் என்று நினைத்துப் போய், இரவு ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையின் முன் நின்றுவிட்டு, என் கணவர் மட்டும் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து எடுத்து வந்த கதையும் எங்களிடம் உண்டு.

இந்திய வங்கிக் கணக்கு இன்னும் தொடங்காதவர்களுக்குக் கைப்பேசி வழிப் பணம் செலுத்துவது எளிதல்ல; ஆகவே 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள். பூக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் 500 ரூபாயை நீட்டுவது இருவருக்கும் சங்கடம். பேருந்தில் போகிறவர்கள், நாகர்கோவிலில் வெளியூர்ப் பேருந்துகளுக்கு வடசேரி நிலையம், மாவட்டத்துக்குள் போகப் பெரும்பாலும் அண்ணா பேருந்து நிலையம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் முழுவதும் சுற்றுவதென்றால் வாடகைக் கார் வசதி. கிளம்புமுன் இடங்கள், காத்திருப்பு நேரம், மொத்தத் தொகை ஆகிய மூன்றையும் ஓட்டுநரிடம் வாய்விட்டுப் பேசி முடித்துவிடுங்கள். பரிசு வாங்க விரும்புகிறவர்கள் அதே வடசேரியில் செய்யப்படும் கோவில் நகைகளைப் பார்க்கலாம். நாட்டியம் ஆடுகிறவர்கள் அணியும் சிவப்புக் கல் நகைகள் அவை.

கடைசியாக, பிறந்த வீட்டுக்குப் பேச வேண்டிய நேரத்தையும் திட்டத்தில் எழுதி வையுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால். துபாய் 1½ மணி நேரம் பின்னால். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு நான் அழைத்த முதல் ஆண்டில் ஈப்போவில் நள்ளிரவு கடந்திருந்தது. அம்மா பதறிப்போய் எடுத்தார். இப்போது உதய நேரத்தில் கன்னியாகுமரியிலிருந்தே காணொலியில் அழைக்கிறேன். இங்கே ஆறரை என்றால் அங்கே ஒன்பது. அம்மா பசியாறி முடித்து நிதானமாக இருப்பார். கூட்டம் சேரச் சேர இணைய இணைப்பு திக்கும் என்பதால் சூரியன் எழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அழைப்பைத் தொடங்கிவிட வேண்டும். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிக்கொள்ளவும் மறக்கக்கூடாது. சென்ற ஆண்டு நான் அதை மறந்துவிட்டேன். "சூரியன் எங்கே? மாப்பிள்ளை கொட்டாவி விடுவதுதான் தெரிகிறது" என்றார் அம்மா.